தசைக்கு விறகு எது? ஒரு மலை, ஒரு மாரத்தான், ஒரு ஊசி சொன்ன பதில்

"சோறு தின்னா தொப்பை, கறி தின்னா தெம்பு."

ஜிம்முக்குப் போகும் எந்தத் தம்பியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இது இன்ஸ்டாகிராமில் பிறந்த நம்பிக்கை இல்லைங்க. இதுக்கு வயசு 2400 வருஷத்துக்கும் மேல.

நடுவுல ஒரு காலத்தில் அறிவியலே இதை உண்மைன்னு சொல்லுச்சு. அப்புறம் அதே அறிவியல்தான் இதைப் பொய்யுன்னும் காட்டுச்சு. அது எப்படி நடந்ததுன்னு இன்னைக்குப் பாக்கலாம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

பண்டைய கிரேக்கத்தில் ஒலிம்பிக் வீரர்களின் சாப்பாடு ஆரம்பத்தில் ரொம்ப எளிமை. பாலாடைக்கட்டி, காய்ந்த அத்திப்பழம், கோதுமை. அவ்வளவுதான்.

ஸ்டிம்பாலஸ் என்ற ஊரில் ட்ரோமியஸ்னு ஒரு நெடுந்தூர ஓட்டக்காரர் இருந்தார். ஒலிம்பியாவில் ரெண்டு முறை ஜெயிச்சவர். இறைச்சி சாப்பிட்டுப் பயிற்சி எடுத்த முதல் ஆள் இவர்தான், அதுவரை வீரர்களுக்குப் பாலாடைக்கட்டிதான் உணவுன்னு பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர் எழுதி வெச்சிருக்கார். ஜெயிச்சவர் என்ன தின்னாரோ அதையே மத்தவங்களும் தின்ன ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அப்படித்தானே நடக்குது?

அப்புறம் மைலோ. குரோட்டன் ஊர் மல்யுத்த வீரர். ஒரு நாளைக்கு 20 மைனா இறைச்சி சாப்பிடுவார்னு கதை. இன்றைய எடையில் எட்டு கிலோவுக்கு மேல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், நான் நம்பல.

ஆனா அதே கதையில் இன்னொரு வரி இருக்கு. கறிக்குச் சமமா 20 மைனா ரொட்டியும் சாப்பிட்டாராம். ஊர் உலகம் கறியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு ரொட்டியை மறந்துடுச்சு!

இப்ப நேரா 1842-க்கு வாங்க. ஜெர்மனி.

யூஸ்டஸ் வான் லீபிக். அந்தக் காலத்தில் வேதியியல் உலகின் சூப்பர் ஸ்டார். அவர் சொன்ன கோட்பாடு இது: தசை வேலை செய்யும்போது தசையே கரையுது. அதில் இருக்கும் புரதம் உடையுறதால்தான் சக்தி கிடைக்குது. மாவுச்சத்தும் கொழுப்பும் உடம்பைச் சூடா வெச்சிருக்க மட்டும்தான்.

கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கு இல்லையா? தசை புரதத்தால் ஆனது. அப்ப தசைக்குத் தீனியும் புரதம்தானே? இந்த ஒரு தர்க்கத்தை வெச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் பவுடர் டப்பா விக்குது.

1865-ல் லீபிக் பெயரிலேயே இறைச்சிச் சாறு தயாரிக்கும் கம்பெனி ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை தென் அமெரிக்காவில், உருகுவே நாட்டில். ஆராய்ச்சியும் வியாபாரமும் ஒரே வீட்டில் குடியிருக்க ஆரம்பிச்சது இன்னைக்கு நேத்து இல்லைங்க.

அதே 1865-ல்தான் ரெண்டு பேர் இந்தக் கோட்பாட்டைச் சோதிச்சுப் பாக்கக் கிளம்பினாங்க.

ஒருத்தர் அடால்ஃப் ஃபிக். இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்குதுன்னு கணக்குப் போட 'ஃபிக் பிரின்சிபிள்' உண்டு. எம்பிபிஎஸ் முதல் வருஷம் படிச்ச யாரும் இந்தப் பேரை மறக்க மாட்டாங்க. இன்னொருத்தர் வேதியியலாளர் யோஹான்னஸ் விஸ்லிசெனஸ். ரெண்டு பேரும் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியர்கள்.

அவங்க யோசனை ரொம்ப எளிமையானது.

புரதத்தில் நைட்ரஜன் உண்டு. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் கிடையாது. உடம்பில் புரதம் எரிஞ்சா அந்த நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவா மாறி சிறுநீரில் வெளியே போகும். நம்ம லேப் ரிப்போர்ட்டில் பாக்கறோமே, அதே யூரியாதான். அப்ப கடுமையா உழைச்சுட்டு சிறுநீரை அளந்தா எவ்வளவு புரதம் எரிஞ்சதுன்னு தெரிஞ்சுடும் இல்லையா?

1865 ஆகஸ்ட் 29 மதியத்தில் இருந்து ரெண்டு பேரும் புரதத்தை நிறுத்தினாங்க. ஸ்டார்ச் மாவைப் பிசைஞ்சு கொழுப்பில் பொரிச்ச ஒரு பலகாரம், சர்க்கரை போட்ட டீ, இந்த மாதிரிதான் சாப்பாடு. நம்ம ஊர்னா ஒரு அப்பளம்கூட கூடாது, உளுந்தில் புரதம் இருக்கே!

மறுநாள் விடியக்காலை ஃபால்ஹார்ன் என்ற மலையில் ஏற ஆரம்பிச்சாங்க. ஏரிக்கரையில் இருந்து உச்சி வரைக்கும் 1956 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு ஏறுற உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஏறினாங்க. ஏறுறதுக்கு முன்னாடி, ஏறும்போது, ஏறின பிறகுன்னு சிறுநீரைத் தனித்தனியாப் பிடிச்சு வெச்சாங்க.

ரிசல்ட்?

எரிஞ்ச புரதம் ஆளுக்கு சுமார் 37 கிராம்.

இன்றைய கணக்கில் போட்டுப் பாருங்க. 37 கிராம் புரதம்னா 150 கலோரி. ஃபிக்கின் எடை 66 கிலோ. அந்த எடையை 1956 மீட்டர் மேலே தூக்க மட்டுமே 300 கலோரி வேணும். அதுவும் தசை ஒரு துளி சக்தியைக்கூட வீணாக்காம வேலை செஞ்சா! நிஜத்தில் நம்ம தசை எரிக்கிறதில் நாலில் ஒரு பங்குதான் வேலையா மாறும், மிச்சம் சூடாப் போயிடும். அப்ப 1200 கலோரி.

புரதம் கொடுத்தது 150. மிச்சம் எங்க இருந்து வந்தது? பொரிச்ச மாவில் இருந்தும், உடம்பில் ஏற்கெனவே சேர்த்து வெச்ச மாவுச்சத்து, கொழுப்பில் இருந்தும்தான்.

ரெண்டே பேரை வெச்சு செஞ்ச சோதனைதான், ஒத்துக்கறேன். ஆனா அடுத்த வருஷமே எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் உணவுப் பொருள்களை எரிச்சு சூட்டை அளந்து, இவங்க கணக்கு சரின்னு காட்டினார்.

புத்தகத்தில் விஷயம் முடிஞ்சது. மைதானத்தில் முடியல.

1904 ஆகஸ்ட் 30. ஃபால்ஹார்ன் ஏறி சரியா 39 வருஷம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான். 32 டிகிரி வெயில், புழுதி ரோடு, முன்னாடி போற கார்கள் கிளப்பின தூசி வேற. தண்ணீர் கிடைச்ச இடங்கள் ரொம்பக் குறைவு. உடம்பில் நீர் வறண்டா என்ன ஆகும்னு பாக்க அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனே ஆசைப்பட்டாராம்.

ஓடினவங்க 32 பேர். முடிச்சவங்க 14 பேர்.

முதலாவதா வந்த தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் என்ன கொடுத்தாங்க தெரியுமா? முட்டையின் வெள்ளைக்கரு, ஸ்ட்ரிக்னின், அப்புறம் பிராந்தி.

ஸ்ட்ரிக்னின் எதில் இருக்குன்னா, நம்ம எட்டி மரத்து விதையில். ஆமா, "எட்டிக்காய் மாதிரி கசக்குது"ன்னு சொல்றோமே, அதே எட்டி. எலிக்கு வைக்கிற விஷம். ரொம்பச் சின்ன அளவில் அது நரம்பைத் தூண்டும்னு அந்தக் காலத்தில் ஊக்க மருந்தாவே கொடுத்தாங்க. ஹிக்ஸ் பிழைச்சது அதிர்ஷ்டம். கடைசியில் அவரைத் தாங்கிப் பிடிச்சுத்தான் கோட்டைத் தாண்ட வெச்சாங்க.

இந்தப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்க. புரதம் இருக்கு, விஷம் இருக்கு, சாராயம் இருக்கு. சர்க்கரை?

அதைப் பத்தி யோசிக்க இன்னும் 20 வருஷம் ஆச்சு. அதுக்குக் காரணம் மாரத்தான் இல்ல, இன்சுலின்.

1922-ல் முதன்முதலா மனுஷங்களுக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சாங்க. கூடவே டாக்டர்கள் ஒரு புது ஆபத்தைப் பாத்தாங்க. டோஸ் கூடினா ரத்தச் சர்க்கரை சரிஞ்சு நோயாளி வியர்த்து, நடுங்கி, குழம்பி, மயங்கி விழுவார். இன்னைக்கு நாம 'லோ சுகர்'னு சொல்றது.

1924-ல் பாஸ்டன் மாரத்தான் முடிஞ்சதும் சாமுவேல் லெவின் என்ற இதய நோய் மருத்துவரும் அவர் சகாக்களும் ஓட்டக்காரர்களிடம் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. நெஞ்சு வலிக்கும்போது நோயாளி முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைப்பாரே, அதுக்கு 'லெவின் சைன்'னு பேர். அதே லெவின்தான்.

சோர்ந்து விழுந்தவங்களுக்கு ரத்தச் சர்க்கரை தரைமட்டத்தில் இருந்தது. பாக்கறதுக்கு இன்சுலின் அதிகமான நோயாளி மாதிரியே இருந்தாங்க.

அடுத்த வருஷம் இந்த டாக்டர்கள் அதே பாஸ்டனில் ஒரு காரியம் செஞ்சாங்க. ஓட்டத்துக்கு முந்தின நாள் மாவுச்சத்து நிறைய சாப்பிடச் சொன்னாங்க. ஓடும்போது சாப்பிட மிட்டாய் கொடுத்தாங்க. சர்க்கரை சரியல, ஓட்டக்காரர்கள் தெம்பா முடிச்சாங்க.

எட்டிக்கொட்டை எங்க, மிட்டாய் எங்க!

இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. ரத்தத்தில் சர்க்கரை தெரியுது சரி, தசைக்குள்ள என்ன நடக்குது? ஓடிட்டு இருக்கிற ஆளோட தொடையை வெட்டிப் பாக்க முடியுமா?

முடியும்னு காட்டினாங்க ஸ்டாக்ஹோமில். 1960-களில் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் பழைய ஊசி ஒண்ணை மாத்தியமைச்சு, மரத்துப் போகிற மருந்து மட்டும் போட்டுத் தொடைத் தசையில் சின்னத் துண்டு எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்.

1966-ல் அவரும் எரிக் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளின் ரெண்டு பக்கமும் உக்காந்தாங்க. ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதிச்சாங்க, இன்னொரு கால் சும்மா. அந்தக் கால் இனி மிதிக்க முடியாதுன்னு ஆகற வரைக்கும் மிதிச்சுட்டு, அடுத்த மூணு நாள் மாவுச்சத்து நிறைய சாப்பிட்டாங்க. தினமும் ரெண்டு தொடையிலும் ஊசி.

பரிசோதனைக்கு வேற ஆள் தேடாம தன் தொடையையே நீட்டின டாக்டர்கள் மேல எனக்குத் தனி மரியாதை உண்டு.

உழைச்ச காலில் கிளைகோஜன் முதல்ல காலி. மூணு நாள் கழிச்சுப் பாத்தா அதே காலில், சும்மா இருந்த காலைப் போல ரெண்டு மடங்கு கிளைகோஜன் சேர்ந்திருக்கு!

கிளைகோஜன்னா என்ன? நாம சாப்பிடும் சோறு, இட்லி, கிழங்கு, பழம் எல்லாம் குளுக்கோஸா மாறி, கல்லீரலிலும் தசையிலும் சேமிச்சு வைக்கப்படும் வடிவம். ஆனா இந்தக் கிடங்கு சின்னது. மொத்தமே அரை கிலோ கிட்டத்தான்.

கொழுப்பு நம்மகிட்ட கிலோ கணக்கில் இருக்கே, அதை எரிக்கலாமேன்னு கேப்பீங்க. எரிக்கலாம். ஆனா கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட் மாதிரி, கிளைகோஜன் சட்டைப் பையில் உள்ள காசு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர்கிட்ட எஃப்.டி. ரசீதை நீட்ட முடியாது. மெதுவா நடக்கும்போது கொழுப்பு போதும். வேகமா ஓடும்போது அது வந்து சேரும் வேகம் பத்தாது.

1967-ல் அதே குழு இதை நேரடியா அளந்துச்சு. ஒரே ஆட்கள், ஒரே கடுமையில் சைக்கிள், மூணு விதமான சாப்பாடு.

மாவுச்சத்தைக் குறைச்சு கொழுப்பும் புரதமும் சாப்பிட்டப்ப 57 நிமிஷத்தில் சோர்ந்துட்டாங்க. கலந்த சாப்பாட்டில் 114 நிமிஷம். மாவுச்சத்து அதிகமான சாப்பாட்டில் 167 நிமிஷம்.

57 எங்க, 167 எங்க! எந்த டப்பாவும் இன்னைக்கு வரைக்கும் இந்த வித்தியாசத்தைக் கொடுத்ததில்லை.

ரெண்டே வருஷத்தில், 1969-ல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தின் ரான் ஹில் இந்த முறையில் சாப்பிட்டு மாரத்தான் ஜெயிச்சார். அதுக்குப் பிறகுதான் ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன்னாடி நூடுல்ஸும் ரொட்டியுமா வெட்ட ஆரம்பிச்சது.

அப்ப புரதம் வேண்டாமா? கட்டாயம் வேணும். அது விறகு இல்ல, கொத்தனார். பயிற்சியில் அடிபட்ட தசை நாரைப் பூசி, புதுசா கட்டறது அதோட வேலை. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம் கிட்ட போதும்னா, பயிற்சி எடுக்கிறவங்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவை. ஆனா விறகு இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? கொத்தனாரையே பிடிச்சு அடுப்பில் வைப்பாங்க. சோறை நிறுத்திட்டு விலை கூடின பவுடர் குடிக்கிற தம்பி செய்யறது அதைத்தான். காசு கொடுத்து வாங்கின புரதத்தில் ஒரு பங்கை விறகா எரிச்சு, யூரியாவா பாத்ரூமில் விடறார்.

இனி தண்ணீர், உப்பு.

1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற சிறுநீரக மருத்துவரிடம் ஒரு பயிற்சியாளர் கேட்டார்: மேட்ச் முடிஞ்சதும் எங்க பசங்க ஏன் சிறுநீரே கழிக்கறதில்லை? பதில், எல்லாம் வியர்வையாப் போயிடுச்சு. கேட் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்தார், குடிக்க முடியல. மனைவி எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னார். அதுதான் கேட்டரேட்.

உப்பு, சர்க்கரை, எலுமிச்சை. நம்ம வீட்டு எலுமிச்சை ஜூஸ்தானேன்னு சிரிக்கறீங்க, தெரியும்.

சர்க்கரை ஏன் முக்கியம்னா, குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாத்தான் உள்ளே நுழையும், பின்னாடியே தண்ணீரும் வரும். இதை ராபர்ட் கிரேன் 1960-ல் சொன்னார். இதே தத்துவத்தை வெச்சு 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில், நம்ம மேற்கு வங்கத்து பன்காவ் ஊரில், டாக்டர் திலீப் மகலானபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பு, சர்க்கரை, சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமா இறங்குச்சு. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் கதை அது. மைதானத்து பானமும் காலரா வார்டு பாக்கெட்டும் அக்கா தங்கச்சி.

குடிக்கவே கூடாதுன்னு இருந்த காலம் போய், தாகம் எடுக்காட்டியும் குடின்னு அடுத்த கோடிக்குப் போனாங்க. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டில் 488 பேரிடம் ரத்தம் எடுத்துப் பாத்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. மூணு பேருக்கு ஆபத்தான அளவு. அந்தப் போட்டியில் ஒரு பெண் இதனாலேயே இறந்தும் போனார். அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய் மூளை வீங்கும். தாகத்துக்குக் குடிங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும்.

விட்டமின் மாத்திரை பத்தி ஒரே விஷயம். உடற்பயிற்சியால் இன்சுலின் நல்லா வேலை செய்யும்னு நமக்குத் தெரியும். 2009-ல் ஜெர்மனியில் பயிற்சி செய்யற இளைஞர்களுக்கு தினம் 1000 மி.கி. விட்டமின் சி, கூட விட்டமின் இ மாத்திரையும் கொடுத்துப் பாத்தாங்க. மாத்திரை எடுத்தவங்களுக்கு அந்த நன்மையே கிடைக்கல! குறைபாடு இருந்தா எடுங்க, 'எதுக்கும் இருக்கட்டும்'னு எடுக்காதீங்க. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிட்டு யாருக்கும் இப்படி ஆனதில்லை.

இதுவரை சொன்ன கதையில் ஒண்ணு கவனிச்சீங்களா? மலையேறினவங்க, சைக்கிள் மிதிச்சவங்க எல்லாம் ஆண்கள். 1928-ல் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வெச்சுட்டு, சோர்ந்து போறாங்கன்னு சொல்லி எடுத்துட்டாங்க. திரும்ப வந்தது 1960-ல். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் நுழைஞ்சது 1984-ல். ஓடவே விடாதவங்களுக்கு என்ன சாப்பாடு வேணும்னு யார் ஆராய்ச்சி செய்வாங்க?

அதனால்தான் ஒரு முக்கியமான விஷயம் 1990-களில்தான் பேசுபொருள் ஆச்சு. உழைப்புக்கு ஏத்த கலோரி சாப்பிடாத வீராங்கனைக்கு மாதவிடாய் நிக்கும், எலும்பு மெலிஞ்சு கீறல் விடும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இது ஆண்களையும் பாதிக்கும்னு சேர்த்துச் சொல்லுச்சு.

பெற்றோரும் பி.டி. மாஸ்டர்களும் இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. ஓடுற பொண்ணுக்கு மூணு மாசமா பீரியட்ஸ் வரலைன்னா, "டிரெயினிங்ல அப்படித்தான் இருக்கும்"னு விடாதீங்க. அது உடம்பு விறகு பத்தாம அடுப்பை ஒவ்வொண்ணா அணைக்குதுன்னு அர்த்தம். டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

அடுத்து இரும்புச்சத்து. விறகு எரிய காத்து வேணும், அந்த ஆக்சிஜனைத் தசைக்குத் தூக்கிட்டு வர்றது ஹீமோகுளோபின். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கும் மேல ரத்தசோகை. மாதவிடாய் ஒரு பக்கம், வியர்வை ஒரு பக்கம், ஓடும்போது பாதம் தரையில் மோதி சிவப்பணு உடையறது இன்னொரு பக்கம். ஹீமோகுளோபின் 9 இருக்கிற பொண்ணை "ஸ்டாமினா இல்ல"ன்னு திட்டி என்ன பிரயோஜனம்? ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல நிற மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க. மாத்திரையோடவோ சாப்பாட்டோடவோ டீ குடிக்காதீங்க, இரும்பு உடம்பில் ஏறாது.

கடைசியா, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற தம்பி தங்கைகளுக்கு.

1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடறதால் மட்டும் கிளைகோஜன் தீர்ந்துடாது. ஆனா மாசக்கணக்கில் தினம் காலையும் சாயந்திரமும் பயிற்சி எடுத்துக்கிட்டு சோறையும் குறைச்சா, கிடங்கு நிரம்பவே நிரம்பாது. கால் கல்லு மாதிரி கனக்கறது அதனாலதான்.

தினம் ஒரு மணி நேரம் நல்லா வியர்க்க உழைக்கிற 60 கிலோ ஆளுக்கு மாவுச்சத்து 300 முதல் 420 கிராம் வேணும். மூணு வேளையும் வயிறார சோறு, இட்லி, கேழ்வரகு, கிழங்கு, வாழைப்பழம்னு சாப்பிட்டாத்தான் அது வரும். புரதம் 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம். நூறு கிராம் பருப்பில் 20-க்கு மேல. அரை லிட்டர் பாலில் 15 கிராம் கிட்ட. கோழி, மீன் கிடைச்சா இன்னும் சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்க, டப்பா இல்லாமலே வந்துடும்.

இதெல்லாம் ஓடுறவங்களுக்கு. நாள் முழுக்க சேரில் உக்காந்திருக்கிற, சர்க்கரை நோய் உள்ள அண்ணன்கள் "டாக்டரே சோறு சாப்பிடச் சொல்லிட்டார்"னு கிளம்பிடாதீங்க. கிட்னி பிரச்சனை உள்ளவங்க புரதத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க.

செலக்‌ஷன் அன்னைக்கு ராத்திரி பஸ்ஸில் தூங்காம வந்து, வெறும் வயித்தில் வரிசையில் நிக்காதீங்க. முந்தின ராத்திரி நல்லா சோறு. ஓடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நாலு இட்லி, ஒரு வாழைப்பழம். புதுசா எந்த பானமும், யார் கொடுத்தாலும், அன்னைக்கு வேண்டாம்.